64 பந்தயம், 19 வெற்றி: பணம் மட்டும் எங்கே போனது?

#1 அல்சூர்க்காரன்

வணக்கம். இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தவன், இப்போதுதான் எழுதுகிறேன். வயது 29, மென்பொருள் வேலை. கூட வேலை செய்பவர் ஒருவர் அழைத்துப் போனதில் ஆரம்பித்து, வார இறுதியில் பெங்களூரு ரேஸ் கோர்ஸ் போவது பழக்கமாகிவிட்டது.

எந்தக் குதிரை வரும் என்று மற்றவர்கள் தரும் டிப்ஸை வாங்கிப் பணம் கட்டுவதில்லை. சொந்தமாக ஒரு சிஸ்டம் வைத்திருக்கிறேன். குதிரை கடைசி 30 நாளில் ஓடி முதல் நாலு இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். இன்றைய தூரம் அன்றைய தூரத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் விலகக் கூடாது. தூக்கும் எடை குறைந்திருக்க வேண்டும், அல்லது கிளாஸ் (குதிரைகளின் தர வரிசை) இறங்கியிருக்க வேண்டும். சீசன் பட்டியலில் முன்னால் இருக்கும் ஜாக்கி. விலை (ஒரு ரூபாய் கட்டினால் எத்தனை ரூபாய் லாபம் என்பது) ஒன்றரைக்கும் நாலுக்கும் நடுவில். ஒரே ரேஸில் இரண்டு குதிரை தேறினால் அந்த ரேஸை விட்டுவிடுவேன்.

இதுவரை 64 பந்தயம், 19 வெற்றி. கிட்டத்தட்ட 30 சதவீதம். மோசமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போனஸ் பணத்திலிருந்து ஒதுக்கிய 75,000-ல் இன்று கையில் இருப்பது 7,400. முதல் ரேஸில் 500 கட்டுவேன், தோற்றால் கொஞ்சம் கூட்டுவேன். எவ்வளவு கூட்டுவது என்பதற்கு விதி எதுவும் இல்லை, அந்த நேரத்து மனசுதான்.

சிஸ்டம் தப்பா, நான் கட்டும் விதம் தப்பா? டபுள் செய்வது, கெல்லி சூத்திரம் என்றெல்லாம் படித்தேன். எது சரி என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கோலார் மணி

தம்பி, இது ஒரு விஷயமா? தோற்றால் டபுள். 500 போனால் 1,000. அதுவும் போனால் 2,000. ஜெயிக்கிற அன்றைக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும், மேலே லாபமும் இருக்கும். நீ மூன்றில் ஒன்று ஜெயிக்கிறவன், உனக்கு என்ன பயம்? நான் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்து கட்டிய காலத்தில் இதைத்தான் செய்தேன்.

#3 கணக்கன்

மணி அண்ணே, செய்தீர்கள் சரி, ஏன் நிறுத்தினீர்கள் என்றும் சொல்லுங்கள்.

அல்சூர்க்காரரே, 500-ல் ஆரம்பித்து டபுள் செய்தால் ஏழு தோல்விக்குள் 63,500 போய்விடும். எட்டாவதுக்கு 64,000 தேவை. உங்களிடம் அப்போது இருப்பது 11,500. கதை அங்கேயே முடிந்தது. ஏழு தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று தோன்றும். மூன்றில் ஒன்று ஜெயிப்பவருக்கு, எந்த இடத்திலிருந்து எண்ணினாலும் அடுத்த ஏழும் தோற்க சுமார் 6 சதவீத வாய்ப்பு. 64 பந்தயம் கட்டினால் அப்படி ஒரு வரிசை சராசரியாக ஒரு முறைக்கு மேல் வரும். உங்கள் நோட்டைப் புரட்டி, தொடர்ந்து அதிகபட்சம் எத்தனை தோற்றீர்கள் என்று பாருங்கள்.

#4 அல்சூர்க்காரன்

ஒன்பது. பார்த்தவுடன் வயிற்றைப் பிசைந்தது.

#5 கோலார் மணி

சரி, ஏன் நிறுத்தினேன் என்று கேட்டீர்கள். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். கைக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தில் ஒரு பங்கு இந்த டபுள் கணக்கில்தான் போனது. என்னோடு வந்தவர் ஒருவர் என்னைவிட மோசம், அதை இங்கே எழுத வேண்டாம். சிஸ்டம் நல்ல சிஸ்டம்தான், என்னிடம் பணம் பத்தவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

#6 பழைய ரேஸ்காரர்

மணி, பணம் பத்தாது என்பதுதான் அந்த சிஸ்டத்தின் முழு விவரமே.

தம்பிக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். நான் ஸ்ரீராமபுரத்துக்காரன். நாற்பது வருஷமாகப் போகிறேன். தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, மெஜஸ்டிக்கில் இறங்கி, ஆனந்த ராவ் சர்க்கிள் வழியாக நடந்தே போவோம். என் குருநாதர் என்று சொல்லத்தக்க ஒரு பெரியவர், சம்பள நாளன்று ரேஸ் பக்கமே வரமாட்டார். மூன்று நாள் கழித்துத்தான் வருவார். சட்டையின் இடது பையில் அன்றைய பணம், வேட்டி மடிப்பில் பஸ் காசு. இடது பை காலியானால் டீ குடித்துவிட்டு மற்ற ரேஸை வேடிக்கை பார்ப்பார். ஜெயித்த பணம் வலது பைக்குப் போகும். அந்தப் பையிலிருந்து அன்றைக்கு எடுக்கவே கூடாது.

ஒரு ரேஸுக்கு எவ்வளவு என்றால், அன்றைய பணத்தை ஏழாகப் பிரித்து ஒரு பங்கு. பிடித்த குதிரை, பிடிக்காத குதிரை என்ற பேதம் கிடையாது. நானும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் லாபமா என்றால் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு நகை அடகுக்குப் போனதில்லை.

#7 அல்சூர்க்காரன்

ஐயா, நன்றி. பை விஷயத்தை என் மொபைல் ஆப்பில் எப்படிச் செய்வது என்றுதான் யோசிக்கிறேன். :) 

கணக்கன் சார், கெல்லி பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். அதுதான் விஞ்ஞான ரீதியானது என்கிறார்களே?

#8 கணக்கன்

சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

ஜான் கெல்லி அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் இருந்தவர். 1956-ல் எழுதினார். தொலைபேசிக் கம்பியில் செய்தி போகும் கணக்கிலிருந்து, பந்தயத்தில் எவ்வளவு கட்டலாம் என்ற இடத்துக்கு வந்தார். சூத்திரம் சின்னது. விலையை உங்கள் வெற்றி வாய்ப்பால் பெருக்கி, தோல்வி வாய்ப்பைக் கழித்து, மறுபடி விலையால் வகுக்க வேண்டும். கையிலிருக்கும் மொத்தப் பணத்தில் அந்தப் பங்கைக் கட்டலாம்.

விலை நாலு, குதிரை ஜெயிக்க 30 சதவீதம் வாய்ப்பு உண்டு என்று நம்புகிறீர்கள் என்று வையுங்கள். நாலு பெருக்கல் 0.3 என்றால் 1.2. அதில் 0.7 போனால் 0.5. நாலால் வகுத்தால் 0.125. அதாவது கையில் 40,000 இருந்தால் 5,000 கட்டச் சொல்கிறது. வாய்ப்பு 20 சதவீதம்தான் என்றால் விடை பூஜ்யம், கட்டாதே என்று பொருள். அதற்கும் கீழே போனால் கழித்தல் குறி வரும்.

இதில் 30 என்ற எண் எங்கிருந்து வந்தது? உங்கள் தலையிலிருந்து. எல்லாச் சிக்கலும் அங்கேதான். புக்கி (ரேஸ் கோர்ஸில் பந்தயம் வாங்குபவர்) பலகையில் எட்டுக் குதிரைக்கு விலை எழுதியிருக்கிறது என்று வைப்போம்: சமவிலை (ஒன்றுக்கு ஒன்று), 3, 4, 7, 10, 15, 20, 25. ஒவ்வொன்றையும் வாய்ப்பாக மாற்றுங்கள். சமவிலைக்கு 50, மூன்றுக்கு 25, நாலுக்கு 20, ஏழுக்கு 12.5, பத்துக்கு 9.1, பிறகு 6.25, 4.8, 3.85. கூட்டினால் 131-க்கு மேல் வருகிறது. நூறுக்கு மேலே நிற்கும் அந்த 31 புக்கியின் பங்கு. இப்படிப் பார்த்தால் நாலு விலைக் குதிரைக்குச் சந்தை தரும் உண்மையான வாய்ப்பு 20 கூட இல்லை, 15 சதவீதம்தான். அதற்கு 30 என்று நீங்கள் சொன்னால், ரிங்கில் (புக்கிகள் இருக்கும் இடத்தில்) நிற்கும் அத்தனை பேரையும்விட உங்களுக்கு இரண்டு மடங்கு தெரியும் என்று சொல்கிறீர்கள். எப்போதாவது அது உண்மையாக இருக்கலாம். வாராவாரம் இருக்காது.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28. லாபத்தில் இல்லை, கட்டும் பணத்தின் மேல். 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு 140 எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். நாலு விலையில் ஜெயித்தால் 500 வரும். வரி இல்லாவிட்டால் ஐந்தில் ஒன்று ஜெயித்தால் கைக்கும் வாய்க்கும் சரி. வரியோடு 28 சதவீதம் ஜெயிக்க வேண்டும். இரண்டு விலை என்றால் 33-க்குப் பதில் 47. சமவிலை ஃபேவரிட் (விலை மிகக் குறைவான குதிரை) என்றால் பத்தில் ஏழு ஜெயிக்க வேண்டும். பல ஊர்களில் ஃபேவரிட்கள் மொத்தமாகப் பார்த்தால் சுமார் மூன்றில் ஒன்றுதான் ஜெயிக்கின்றன.

மேலே போட்ட அதே கெல்லி கணக்கை வரியோடு போட்டால் 12.5 என்பது 3-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நீங்கள் சொன்ன 30 சதவீதம் சரியாக இருந்தாலே இந்த நிலை. 28-ஆக இருந்தால் ஒரு ரூபாய் கூடக் கட்டக் கூடாது. இரண்டு சதவீத வித்தியாசத்தை நோட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? 64-ல் 19 என்ற உங்கள் எண்ணே, உண்மையில் 19 சதவீதமாகவும் இருக்கலாம், 41 சதவீதமாகவும் இருக்கலாம். 64 பந்தயம் அவ்வளவுதான் சொல்லும்.

அதனால் இரண்டு விஷயம் செய்து பாருங்கள். ஒன்று, எல்லாப் பந்தயத்திலும் ஒரே 500 கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பழைய விலைகளை வைத்துக் கணக்கிடுங்கள். இரண்டு, அன்றைய எத்தனையாவது ரேஸ் என்பதை ஒவ்வொரு பந்தயத்துக்கும் எதிரே எழுதுங்கள். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

#9 கோலார் மணி

இந்த 40 தலைவலியே வேண்டாம் என்றுதான் பலர் பில் இல்லாமல் கட்டுகிறார்கள். பில் இல்லாவிட்டால் வரி இல்லை, விலையும் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

#10 நெறியாளர்

மணி சார், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். எப்படிச் செய்வது, யாரிடம் செய்வது என்று ஒரு வரி வந்தாலும் நீக்கிவிடுவேன். பில் போடாத பந்தயம் சட்ட விரோதம். வரி ஏய்ப்புப் புகாரில் 2024 ஜனவரியில் இதே ரேஸ் கோர்ஸ் புக்கிகளிடம் போலீஸ் சோதனை நடத்தியது எல்லோருக்கும் தெரியும். கையில் டிக்கெட் இல்லாதவர் ஜெயித்தால் கேட்பதற்கு ஆளும் இல்லை.

#11 மீனா

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஜிஎஸ்டியோடு முடிந்துவிடுவது போல எழுதுகிறீர்கள். வருமான வரி?

ஒரே டிக்கெட்டில் 10,000-க்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதற்குக் கீழே ஜெயித்தாலும் வரி உண்டு, பிடித்தம் செய்வதில்லை, அவ்வளவுதான். பலருக்கும் தெரியாத விஷயம், தோற்றதைக் கழித்துக்கொள்ள முடியாது. ஒருவர் வருஷத்தில் ஜெயித்த பந்தயங்களில் 1,50,000 வருமானம், தோற்ற பந்தயங்களில் 1,40,000 நஷ்டம் என்று வையுங்கள். அவர் மனசில் 10,000 லாபம். வரிக் கணக்கில் 1,50,000-க்கு 30 சதவீதம், செஸ் சேர்த்து 46,800. அதாவது லாபம் பார்த்த வருஷத்தில் 36,800 நஷ்டம். குதிரை சொந்தமாக வைத்திருப்பவர்களுக்குப் பராமரிப்பு நஷ்டத்தில் தனிச் சலுகை உண்டு. நம்மைப் போலக் கட்டுபவர்களுக்கு இல்லை.

எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. என் அப்பாவும் ஸ்ரீராமபுரம்தான். அவரும் நோட்டு வைத்திருந்தார். நீலக் கோடு போட்ட நோட்டு, அழகான கையெழுத்து. அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். ஜெயித்த பந்தயங்கள் மட்டும் எழுதியிருந்தார்.

#12 பழைய ரேஸ்காரர்

மீனாம்மா, அந்த நோட்டு எங்கள் எல்லோரிடமும் இருந்தது.

இருந்தாலும் கணக்கன் தம்பிக்கு ஒரு மறுப்பு. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் இல்லை என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் வழக்கு அது. 1974-ல் தமிழ்நாட்டில் ரேஸைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தார்கள், இருபது வருஷத்துக்கு மேல் இழுத்து அப்படி முடிந்தது. திறமை இருக்கிறது என்றால் அது புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது என்பேன். பேடாக்கில் குதிரை சுற்றி வரும்போது தொடையிடுக்கில் நுரை தள்ளியிருக்கிறதா, காதை எப்படி வைத்திருக்கிறது, பிடித்து வரும் சைஸ் (குதிரைக்காரப்) பையனை இழுக்கிறதா, இதெல்லாம் எந்த எண்ணில் இருக்கிறது? ரேட்டிங்கில் (குதிரையின் திறனுக்குத் தரும் மதிப்பெண்ணில்) 10 புள்ளி ஏறிய குதிரை 5 கிலோ அதிகம் தூக்குகிறது என்று தம்பி எழுதி வைத்திருப்பான். அந்த 5 கிலோவை உணராத பெரிய உடம்புக் குதிரையும் உண்டு, அதை நேரில் பார்த்தால்தான் தெரியும். காலை ஓட்டத்தை, மாக் ரேஸை (ஒத்திகைப் பந்தயத்தை) பார்த்தவனுக்கு இன்னும் தெரியும்.

#13 கணக்கன்

ஐயா சொல்வதை நான் மறுக்கவே இல்லை. திறமை இருக்கிறது. ஆனால் போட்டி குதிரையோடு இல்லை, விலையோடு. நுரையை நீங்கள் பார்த்ததை இன்னும் இருநூறு பேர் பார்த்திருந்தால், மணி அடிப்பதற்குள் அது விலையில் ஏறிவிடும்.

ஹாங்காங்கில் பில் பென்டர் கணினியை வைத்துப் பெரும் பணம் சம்பாதித்தது எல்லோரும் சொல்லும் கதை. அவரே 1994-ல் எழுதிய கட்டுரையில், தன் மாதிரியை மட்டும் நம்பிக் கட்டினால் ஏமாற்றம் என்கிறார். மக்கள் கட்டிய விலையையும் அதோடு சேர்த்த பிறகுதான் கணக்கு நின்றது. அங்கே டோட் பூல் (எல்லோரும் கட்டிய பணம் சேர்ந்து, ஜெயித்தவர்களுக்குப் பிரியும் பொதுத் தொகை) கடல் மாதிரி. பெரிய தொகை கட்டினாலும் விலை எளிதில் அசையாது. பிடித்தமும் வின் பூலில் ஆறில் ஒரு பங்கைச் சுற்றித்தான். இங்கே நம் டோட்டில் வெறிச்சோடிய மத்தியானத்தில் சின்னப் பூல் ஒன்றில் பத்தாயிரம் போட்டால் நீங்களே உங்கள் டிவிடெண்டைக் குறைத்துக்கொள்கிறீர்கள்.

#14 அதிர்ஷ்டம்777

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. டெலிகிராம் குழு விளம்பரம். – நெறியாளர்]

#15 கோலார் மணி

ஜாக்பாட் பற்றி யாரும் பேசவில்லையே? சின்னப் பணம், பெரிய வரவு. டிக்கெட்டை நாலு பேர் சேர்ந்து போட்டால் ஆளுக்கு ஒன்றும் கனக்காது.

#16 கணக்கன்

அண்ணே, ஜாக்பாட்டில் ஐந்து ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று குதிரை என்றால் 243 சேர்க்கை. ஒரு ரேஸில் பேங்கர் (ஒரே குதிரை) வைத்தால் 81. சின்னப் பணம் என்று நினைத்துக் கவுண்டருக்குப் போகிறவர் அங்கே வந்து நிற்பார். மகிழ்ச்சிக்காக மாதம் ஒன்று போடுங்கள், சினிமா டிக்கெட் மாதிரி. அதற்கு மேல் அதைப் பண நிர்வாகம் என்று சொல்லாதீர்கள்.

ஒரே ரேஸில் இரண்டு குதிரை தேறினால் விட்டுவிடுவேன் என்று முதல் பதிவில் இருந்தது. பணத்தைப் பிரித்தும் கட்டலாம். மூன்று விலையில் 600, ஐந்து விலையில் 400 போட்டால் எது வந்தாலும் 2,400. ஆனால் இரண்டுக்கும் விலை நியாயமாக இருந்தால்தான். இல்லாவிட்டால் ஒரு தப்பை இரண்டாகச் செய்வதுதான் அது.

#17 அல்சூர்க்காரன்

மன்னிக்கவும், நான்கு நாள் ஆகிவிட்டது. நோட்டு முழுவதையும் தட்டச்சு செய்து உட்கார்ந்தேன்.

முதல் கேள்விக்கு விடை. 64 பந்தயத்திலும் ஒரே 500 கட்டியிருந்தால் மொத்தம் 32,000. திரும்பி வந்திருக்க வேண்டியது 30,150. நஷ்டம் 1,850 மட்டும். அதாவது வரிக்கு முன்னால். அதற்கு 40 சதவீத வரி 12,800. ஆக 14,650 போயிருக்கும். எனக்குக் கிடைத்த சராசரி விலை இரண்டேகாலுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு வரியோடு சரிக்கட்ட 44 சதவீதம் ஜெயிக்க வேண்டுமாம். நான் 30-ல் நிற்கிறேன். இதற்கு மேல் சிஸ்டம் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவதுதான் உறைத்தது. நான் உண்மையில் கட்டியது 78,500. அதில் ஒவ்வொரு நாளும் கடைசி இரண்டு ரேஸில் மட்டும் 41,000. அந்த 17 பந்தயத்தில் ஜெயித்தது இரண்டு. திரும்பி வந்தது 5,400. மீதி 47 பந்தயத்தில் 37,500 கட்டி 36,900 எடுத்திருக்கிறேன், கிட்டத்தட்ட சமம்! வரியை ஒதுக்கிப் பார்த்தால் என் நஷ்டம் 36,200. அதில் 35,600 மாலை நேரத்துக் கணக்கு. இன்னொரு விஷயம், அந்த 17-ல் ஐந்து குதிரை என் விதிகளுக்குள்ளேயே வரவில்லை. விலை எட்டு, பத்து என்று இருக்கிறது. விதிக்கு உட்பட்டது போல நோட்டில் எழுதியிருக்கிறேன். யாருக்காக அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

#18 கணக்கன்

இதற்காகத்தான் கேட்டேன். கெல்லி எழுதிய அதே 1956-ல் அமெரிக்காவில் மெக்கிளாத்லின் என்பவர் ரேஸ் விலைகளை ஆராய்ந்து, நாளின் கடைசி ரேஸில் ஜனங்கள் நடத்தை மாறுவதைக் காட்டினார். விட்டதைப் பிடிக்க அன்று மிச்சமிருப்பது அந்த ஒன்றுதானே. பின்னால் வந்தவர்களில் சிலர் அந்த அளவுக்குத் தெரியவில்லை என்றார்கள். உங்கள் நோட்டில் நன்றாகவே தெரிகிறது.

ஆனால் ஒன்று. அந்த 17-ஐ வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று அடுத்த சீசனுக்கு இறங்காதீர்கள். 47-லும் வரி சேர்த்தால் 15,600 நஷ்டம்.

#19 மீனா

75,000-ல் 7,400 மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். அதை இந்த வாரமே வேறு கணக்குக்கு மாற்றுங்கள். அக்கா சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

#20 அல்சூர்க்காரன்

மாற்றிவிட்டேன் அக்கா. இந்த வாரம் பணமில்லாமல் நோட்டு மட்டும் கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். காகிதத்தில் கட்டுவேன். கடைசி இரண்டு ரேஸில் கை என்ன செய்கிறது என்று பார்க்க ஆசை.

#21 கோலார் மணி

காகிதத்தில் கட்டினால் நீ எப்போதும் ஜெயிப்பாய் தம்பி. எனக்கும் அப்படித்தான்.

#22 பழைய ரேஸ்காரர்

வா தம்பி. சனிக்கிழமை முதல் ரேஸுக்கு அரை மணி முன்னால் பேடாக் வேலியோரம் நிற்பேன், வெள்ளைத் தொப்பி. விலையை மணி அடிக்கும் முன்பே எழுது, பிறகு எழுதினால் அது உன் நோட்டு இல்லை. பேனா இரண்டு கொண்டு வா. என்னிடம் இருப்பது எழுதவில்லை.